மணியை மாற்றப் போய்...

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். டிப்ளோமாவில் பேட்டி எடுக்க, தலைப்பு வைக்க எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். ‘ரீப்ளேஸ் ஆல்’ பட்டனைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை!

பல வருடங்களாகக் கடிகாரம் ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவரைப் பேட்டி எடுத்திருந்தேன். பெயர், மணி என்று வைத்துக்கொள்வோம். கேள்வி-பதில் என்பதால் ஒவ்வொரு பதிலும் ‘மணி:’ என்று ஆரம்பிக்கும். பப்ளிஷ் செய்யும் நேரத்தில் போன் வந்தது. “பாப்பா, முழுப் பேரையும் போட்டுடும்மா. மணிவண்ணன்.”

அவசரத்தில் ‘மணி’யை எல்லாம் ‘மணிவண்ணன்’ என மாற்றி, பப்ளிஷ் கொடுத்துவிட்டேன்.

கடிகாரக்காரர் பேட்டியில் ‘மணி’க்கா பஞ்சம்? ‘காலை 9 மணிவண்ணன்க்குக் கடை திறப்பேன்’ என்று வந்தது. மணிக்கூண்டு, ‘மணிவண்ணன்க்கூண்டு’ ஆனது. இதுவரை சிரிக்கலாம். மறைந்த அவர் மனைவியின் பெயர் ரமணி. அது ‘ரமணிவண்ணன்’ ஆகியிருந்தது.

“அவ பேரு ஒரு தடவையாவது பத்திரிகையில வரட்டும்னுதாம்மா சொன்னேன்” என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

டெக் டீம் அக்கா வந்து உட்கார்ந்தார். எடிட்டரில் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ வசதியை ஆன் செய்தார். தேடும் சொல்லோடு நிபந்தனையும் சேர்த்து எழுதும் முறை அது. பழைய பிரதியைத் திறந்து ‘^மணி:’ என்று தேடினார். பதில்களின் தொடக்கத்தில் இருந்த பெயர்கள் மட்டும் மின்னின. ரமணி பத்திரமாக இருந்தார்.

“இந்த ^ எந்த எழுத்தையும் தேடாது. வரி இங்கே தொடங்குதான்னு இடத்தை மட்டும் பார்க்கும். $ போட்டா, வரி முடியற இடம். இதுக்குப் பேர் ஆங்கர்” என்றார்.

ரேஷன் கடையில் ‘சிவப்புச் சட்டைக்காரரைக் கூப்பிடு’ என்றால் நாலு பேர் திரும்புவார்கள். ‘வரிசையில் முதலில் நிற்கும் சிவப்புச் சட்டைக்காரர்’ என்றால் ஒருவர்தான். நான் செய்யத் தவறியது அதுதான்.

சொல்லின் எல்லையைப் பார்க்கவும் ஓர் ஆங்கர் உண்டு. பின்சாய்கோடு போட்டு, சின்ன ‘பி’ எழுத வேண்டும். ஆங்கிலத்தில் ஜோராக வேலை செய்யும். தமிழில் அப்படியே நம்பிவிடாதீர்கள். பைத்தானில் ‘மணி’யின் இரு பக்கமும் அதைப் போட்டுத் தேடினேன். தனியாக நின்ற ‘மணி’யை விட்டுவிட்டு, ‘மணிக்கூண்டு’க்குள் இருந்த மணியைப் பிடித்தது!

காரணம் இருக்கிறது. கணினிக்கு ‘ணி’ என்பது ‘ண’வும் இகரக் குறியும் சேர்ந்தது. பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் அந்தக் குறியை எழுத்தாகவே எண்ணுவதில்லை. அதனால் குறியை அடுத்து ‘க’ வந்தால் நடுவில் எல்லை இருப்பதாக நினைக்கிறது. இடைவெளி வந்தால், எல்லை இல்லை என்கிறது. புள்ளி வைத்த எழுத்துகளுக்கும் இதே கதிதான். ஆகவே, தமிழில் தேடும்போது சொல்லுக்கு இரு பக்கமும் இடைவெளியோ நிறுத்தற்குறியோ இருக்க வேண்டும் என்று நானே நிபந்தனை எழுதிவிடுகிறேன். மாற்றும் முன் ஒவ்வொன்றையும் கண்ணாலும் பார்த்துவிடுகிறேன்.

மறுநாள், திருத்திய பேட்டியைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ரமணி என்ற பெயர் மீது விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

“வாட்ச்சைக் கழட்டும்மா. நாலு நிமிஷம் ஸ்லோவா ஓடுது.”

காசு வாங்கவில்லை.