தாய்ப்பத்திரம் எங்கே, மாப்பிள்ளை?

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்கு என் மச்சினர் மகன் வந்தான். கையில் பழம், முகத்தில் சிரிப்பு, செல்போனில் ஒரு பி.டி.எஃப். பம்ப் உதிரிபாகம் செய்து ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் அனுப்புகிற பையன், கெட்டிக்காரன். அன்னூர்ப் பக்கம் அவன் அப்பா விட்டுப்போன தோட்டத்தில் 2 ஏக்கரை விற்றிருந்தான். அந்தப் பணம் எங்கே போகப்போகிறது என்பதுதான் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது.

“கடலோரத்துல ஃபிளாட்டுங்க மாமா. சைப்ரஸ். இங்க சைட் வாங்கற காசுல அங்க ஃபிளாட்டே கிடைக்குதுங்க.”

“சைப்ரஸ்ல எந்தப் பக்கம்?”

“வடக்குங்க.”

34 வருடம் பதிவுத்துறையில் எழுத்தராகக் குப்பை கொட்டியவன் நான். விலை மலிவு என்று யாராவது சொன்னால் என் கை தானாக வில்லங்கச் சான்றைத் தேடும். ஆனால் அன்றைக்கு எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஆபீஸ் அல்ல, காரைக்கால் பள்ளிக்கூடம்.

நான் பிரெஞ்சில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். (கேட்டுக் கேட்டுச் சலித்தும் போயிருக்கும்.) பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊர் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தது 1954 நவம்பர் 1-ல். சட்டப்படி ஊர் கைமாறியதோ 1962 ஆகஸ்ட் 16-ல். முன்னதுக்கு ‘தெ ஃபக்தோ’, பின்னதுக்கு ‘தெ ஜூரே’ என்று வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போட்டார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் வேறு, உரிமை உள்ளவன் வேறு என்று விளக்கினார். எங்களுக்கு நல்ல காலம், இரண்டு தேசமும் பேசிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டன.

சைப்ரஸில் அப்படி யாரும் போடவில்லை. 1974-ல் துருக்கிப் படை இறங்கி வடபகுதியைப் பிடித்தது. அங்கிருந்த கிரேக்க சைப்ரஸ்காரர்கள் வீடு வாசலை விட்டுத் தெற்கே ஓடினார்கள், தெற்கே இருந்த துருக்கிய சைப்ரஸ்காரர்கள் வடக்கே வந்தார்கள். 1983-ல் வடக்கு தன்னைத் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது. அதை நாடாக ஏற்றது துருக்கி மட்டும்தான். ஓடியவர்கள் விட்டுப்போன நிலத்தை அந்த அரசு வந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பத்திரமும் போட்டுக் கொடுத்தது. பி.டி.எஃப்.பில் ‘எக்ஸ்சேஞ்ச் டைட்டில்’ என்று இருந்தது அதுதான்.

“1974-க்கு முன்னாடி இந்த இடம் யார் பேர்ல இருந்தது, மாப்பிள்ளை? தாய்ப்பத்திரம் எங்கே?”

“அரசாங்கமே பத்திரம் தருதுங்க மாமா. ரிசர்வ் வங்கியே வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரைக்கும் அனுப்பலாம்னு சொல்லியிருக்குதுங்க.”

பணத்தை அனுப்ப அனுமதி உண்டு, வாஸ்தவம். வாங்குகிற கிரயம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி எங்கே சொன்னது?

அவனுக்கு ஓரம்ஸ் வழக்கைச் சொன்னேன். ஓரம்ஸ் என்ற ஆங்கிலேயத் தம்பதி 2002-ல் வடக்கே லாப்பித்தோஸ் என்ற ஊரில் நிலம் வாங்கி, வீடு கட்டி, நீச்சல் குளமும் வெட்டினார்கள். 2003-ல் எல்லைக் கோட்டைக் கடக்க வழி திறந்தது. நிலத்தின் பழைய சொந்தக்காரர் அப்போஸ்டோலிடிஸ் தன் குடும்பத்து மண்ணைப் பார்க்கப் போனார். அங்கே வீடு நின்றது. தெற்கே நிக்கோசியா கோர்ட்டில் வழக்குப் போட்டார். வீட்டை இடி, நிலத்தைக் கொடு, நஷ்ட ஈடு கட்டு என்று 2004-ல் தீர்ப்பு. வடக்கே போய் அந்தத் தீர்ப்பை நிறைவேற்ற முடியாது. ஆனால் ஓரம்ஸ் தம்பதிக்கு இங்கிலாந்தில் சொத்து இருந்ததே! அங்கே அவர்களுக்காக வாதாடியவர் அப்போதைய பிரதமர் டோனி பிளேரின் மனைவி செரி. அப்படிப்பட்ட வக்கீல் இருந்தும் பயனில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2009-ல் நிக்கோசியா தீர்ப்பு இங்கிலாந்திலும் செல்லும் என்றது. லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-ல் அதையே உறுதி செய்தது.

“நம்ம வீட்டை ஜப்தி பண்ண இங்க வர மாட்டாங்கள்ல?” என்றான். கெட்டிக்காரன் என்று சொன்னேனே.

வர மாட்டார்கள்தான். ஆனால் அடுத்தவர் நிலத்தை வாங்குவது விற்பதை சைப்ரஸ் 2006-ல் குற்றமாகவே ஆக்கிவிட்டது, 7 வருடம் வரை சிறை. சைப்ரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. ஒரு உறுப்பு நாட்டின் பிடிவாரண்டை இன்னொன்று மதிக்கும். இவன் வருடத்துக்கு இரண்டு தடவை ஜெர்மனி போகிறவன்.

அதற்கும் மேலே ஒன்று என் மனசில் இருந்தது. நான் பணியில் இருந்தபோது பூலுவப்பட்டி முகாமிலிருந்து ஒரு பெரியவர் எங்கள் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். 1990-ல் வலிகாமம் வடக்கிலிருந்து கிளம்பி வந்தவர். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம். அவர்கள் ஊரில் பத்திரத்தை ‘உறுதி’ என்பார்கள். மடிப்பெல்லாம் கிழிந்து போயிருந்தது. “ஐயா, ஆரும் பத்து வருஷம் இருந்தா அவைக்கே சொந்தமாம், மெய்யே?” என்று கேட்டார். அவர்கள் சட்டம் அப்படித்தான் இருந்தது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இலங்கை 2016-ல்தான் தனிச்சட்டம் போட்டது. யுத்தத்தால் வீட்டை விட்டு ஓடியவர்களுக்கு 1983 மே முதல் 2009 மே வரையிலான காலத்தை அந்தப் பத்து வருடக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது. அவரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். எங்கே போய்த் தேடுவது?

“அந்த ஃபிளாட்டுக்கு அடியிலயும் யாரோ ஒருத்தர் உறுதி வெச்சிருப்பார், மாப்பிள்ளை” என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். என் மனைவிக்குக் கோபம்: “ஆசையா வந்த பையன்கிட்ட ஆபீஸ் கதை பேசறீங்க.”

புக்கிங் அட்வான்ஸாகக் கட்டியிருந்த மூன்றேகால் லட்சத்தை ஏஜெண்டு திருப்பித் தரவில்லை. அதைச் சொல்ல மாப்பிள்ளை போன் பண்ணவில்லை, அவன் அம்மா சொல்லித்தான் தெரியும். இரண்டு மாதம் பேச்சே இல்லை.

சித்திரையில் வாட்ஸ்அப்பில் ஒரு பத்திரம் வந்தது. கூடவே குரல் செய்தி: “மாமா, காரமடைப் பக்கம் ஒரு எடங்க. தாய்ப்பத்திரமும் வாரிசுங்க லிஸ்டும் அனுப்பியிருக்கறேன். பார்த்துச் சொல்லுங்க.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். லிஸ்டில் ஐந்து பேர். பாகப்பிரிவினையில் கையெழுத்து நான்கு. கட்டிக்கொடுத்த தங்கை ஒருத்தியைக் காணோம்.