செருப்புக் காவல்

லயோலா கல்லூரி விடுதி,
சென்னை-34.
ஆகஸ்ட் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

"ஜெபத்துல கும்பிடச் சொல்றாங்களாடா?" என்று போனில் கேட்டீர்கள். பக்கத்தில் பையன்கள் இருந்ததால் 'ம்' கொட்டிவிட்டு வைத்துவிட்டேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

யாரும் சொல்லவில்லை. கத்தோலிக்கப் பையன்களுக்கு மறைக்கல்வி, எங்களுக்கு நன்னெறி வகுப்பு. அரசு உதவி பெறும் கல்லூரியில் யாரையும் வழிபாட்டுக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவே சொல்கிறது. என்னைப் பள்ளியில் சேர்த்தபோது 1973 அரசாணையைக் காட்டி, சாதி மதக் கட்டத்தை வெறுமையாக விட வாதாடியவர் நீங்கள். உங்களுக்கு நான் சட்டம் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஜூலை 31 இஞ்ஞாசியார் திருவிழா. சேசு சபையைத் தொடங்கியவர் அவர். 1521-இல் பாம்பலோனா சண்டையில் பீரங்கிக் குண்டு காலை உடைத்துப் படுக்கையில் போட்ட போர்வீரர். படுத்த இடத்தில் புனிதர்களின் கதைகளைப் படித்து மனம் மாறினாராம். இந்தக் கல்லூரியை 1925-இல் தொடங்கியதும் அந்தச் சபைக்காரர்கள்தான். அன்று நானாகத்தான் திருப்பலிக்குப் போனேன். பாட்டுக்குழுவில் என் அறைத்தோழன் பாடினான்.

எல்லாரும் எழுந்தபோது எழுந்தேன். முழங்காலிட்டபோது பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நற்கருணை வாங்க வரிசை நகர்ந்ததும், எழாவிட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று வியர்த்தது. நான் போயிருந்தால்தான் தப்பாம். நம்பிக்கை உள்ள கத்தோலிக்கர்கள் மட்டுமே அதை வாங்க வேண்டும் என்று அறைத்தோழன் பிறகு சொன்னான். நம் ஊரில் வந்தவர்களுக்கெல்லாம் சுண்டல் கிடைக்கும். இங்கே நம்பாதவன் நம்பாதவனாகவே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. திணிப்பார்கள் என்று பயந்து வந்தவனுக்கு, கேட்டாலும் கிடையாது என்பது எவ்வளவு நிம்மதி!

வெளியே வந்ததும் ஒரு பாதர் ஊரைக் கேட்டார். காஞ்சிபுரம் பக்கம் தாமல் என்றேன். "அப்பா என்ன செய்கிறார்?"

"பட்டுத் தறி. கோபுரக் கரை போட்டு நெய்வார். கோபுரத்துக்குள் மட்டும் போக மாட்டார்."

வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கோர்வை எப்படிப் போடுவது என்று விசாரித்தார். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம், ஒவ்வொரு இழையாகக் கோத்து வாங்க வேண்டும், விடுமுறையில் எதிர்ப்பக்கம் நாடா போட்டவன் நான்தான் என்று சொன்னேன். பெருமையாக இருந்தது.

அறைக்கு வந்ததும் உங்கள் நினைவுதான். அம்மா வராகீஸ்வரர் கோயிலுக்குள் போகும்போதெல்லாம் செருப்பைப் பார்த்துக்கொண்டு சைக்கிளோடு வாசலில் நிற்பீர்களே! ஒரு நாளும் அம்மாவைச் சீக்கிரம் வரச்சொல்லி மணி அடித்ததில்லை. திருநீறு நீட்டினால் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்பீர்கள். எனக்கு இடம் கிடைத்த அன்று அர்ச்சனை செய்தது உங்களுக்குத் தெரியாது என்று அம்மா இன்னும் நம்புகிறாள். அன்றும் செருப்புக்குக் காவல் நீங்கள்தானே?

நானும் இங்கே அப்படித்தான் நிற்கிறேன். கவலை வேண்டாம்.

சனிக்கிழமை நுங்கம்பாக்கத்திலேயே காஞ்சிபுரம் ரயில் பிடித்து வருகிறேன். முந்தி பாக்கி இருந்தால் வையுங்கள், நாடா போடுகிறேன்.

அன்பு மகன்