கறுப்பு ஒரே பிளேட்டில் இருக்க வேண்டும்

ஆடி பிறந்துவிட்டால் சிவகாசியின் டிசைன் அறைகளில் விளக்கு அணைவதில்லை. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளிவந்தாக வேண்டும். அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டுதான் ஏஜெண்டுகள் ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பார்கள். விஸ்காம், பி.எஃப்.ஏ. முடித்துவிட்டு முதல் வேலை தேடும் பிள்ளைகள் சிலர் இந்த நெருக்கடி நேரத்தில்தான் இங்கே வந்து சேருகிறார்கள். கல்லூரி சொல்லித் தராத எதை இந்த ஊர் அவர்களுக்குச் சொல்லித் தருகிறது என்று பார்க்கப் போயிருந்தேன்.

நான் உட்கார்ந்திருந்த அறை ஓர் ஆஃப்செட் அச்சகத்தின் மாடி. கீழே மெஷின் ஓடும்போது நாற்காலி லேசாக அதிரும். எல்லாத் திரைகளிலும் கோரல்டிராவும் ஃபோட்டோஷாப்பும் திறந்தே கிடந்தன. ஒரு மூலையில் பழைய பேஜ்மேக்கரும் உயிரோடு இருந்தது. விஸ்காம் முடித்த ஒரு பெண் அங்கே புதிதாகச் சேர்ந்திருந்தாள். கல்லூரியில் அவள் செய்த புராஜெக்ட், கற்பனையான ஒரு காபிக் கடைக்கு லோகோவும் செல்போன் ஆப்பும். இங்கே கைக்கு வந்த முதல் ஜாப், ஒரு ஜவுளிக்கடையின் தினசரி காலண்டர் அட்டை. மேலே முருகன், நடுவில் தேதித்தாள் கட்டுக்கு இடம், அடியில் கடையின் பெயர், முகவரி, போன் நம்பர்கள்.

ஃபைல் போய், பிளேட் ஏறி, முதல் தாள்கள் விழுந்ததும் கீழேயிருந்து கூப்பிட்டார்கள். அவளோடு நானும் இறங்கினேன். மெஷின்மேன் ஒரு தாளை வெளிச்சத்தில் விரித்து, லென்ஸை முகவரியின் மேல் வைத்தார். வெறும் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்த எழுத்துகளின் ஓரத்தில் ஒரு பக்கம் ரோஸ் நிறக் கோடு, மறுபக்கம் நீலம். சுழிகள் அடைத்துக்கொண்டு, 'ண' எது 'ன' எது என்று தெரியவில்லை.

“ஸ்கிரீன்ல நல்லாத்தானே அண்ணே இருந்துச்சு?”

“ஸ்கிரீன்ல ஏது தாயி பிளேட்டு? இங்க நாலு இருக்கு. உன் கறுப்பு நாலுலயும் உக்காந்திருக்கு.”

முகவரியை அவள் ஃபோட்டோஷாப்பில் ஆர்ஜிபியில் அடித்துவிட்டு, கடைசியில் சிஎம்ஒய்கேவுக்கு மாற்றியிருக்கிறாள். அப்படி மாற்றினால், பலரும் தொடாமலே விட்டுவைக்கும் செட்டிங்கில், கறுப்பு என்பது சயான் 75, மெஜந்தா 68, எல்லோ 67, பிளாக் 90 என்று நான்காகப் பிரிந்துவிடும். ஆஃப்செட்டில் தண்ணீரும் மையும் சேர்ந்தே ஓடுகின்றன. ஈரம் பட்ட தாள் மயிரிழை அளவு நீளும்; நான்கு பிளேட்டின் நிறங்களும் அந்த அளவு விலகி விழும். முருகனின் மயிலில் அந்த மயிரிழை தெரியாது. எட்டு பாயிண்ட் எழுத்தில் தெரிந்துவிடும். சின்ன எழுத்து என்றால் பிளாக் 100, மற்ற மூன்றும் பூஜ்யம். இந்த ஒரு வரியைக் கல்லூரியில் யாராவது சொல்லியிருக்கலாம். சொன்னாலும் பதிந்திருக்குமா என்பது வேறு விஷயம். லென்ஸ் வழியாகப் பார்த்தவளுக்கு இனி மறக்காது.

தொழிலை இப்படிப் பக்கத்தில் நின்று கற்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. இங்கிருந்து தெற்கே போனால் கோவில்பட்டி. 1898இல் பிறந்த சி. கொண்டையராஜு சென்னையில் ஓவியம் பயின்று, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்தபடி அந்த ஊருக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். டி. எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் முதலானோர் அவரிடம் சீடர்களாக இருந்து கற்றார்கள். அவர்கள் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. படத்தின் மூலையில் வரைந்தவரின் கையெழுத்து இருக்கும். இந்தக் கையெழுத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மாலையில் கல்யாணப் பத்திரிகை வேலை வந்தது. காலி இடம் விடு, கண்ணுக்கு மூச்சு கொடு என்றுதான் கல்லூரி சொல்லித் தருகிறது. பார்ட்டி அனுப்பியதோ வாட்ஸப்பில் நீளமான பெயர்ப் பட்டியல்: தாத்தா பாட்டி, பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன்மார், அத்தைமார். அந்தப் பெண் மளமளவென்று எழுத்தைச் சிறிதாக்கி இடம் பிடித்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த மூத்த டிசைனர் தடுத்தார்.

“தாய்மாமன் பேரைச் சின்னதாக்குனா கார்டு திரும்பி வந்துரும்மா.”

“அப்ப எங்கதான் அண்ணாச்சி இடம் எடுக்கறது?”

அவர் பெயர்களின் அளவைத் தொடவே இல்லை. ஊர்ப் பெயர்களை ஒரு படி மெலிதாக்கினார். ஓரத்துப் பூ வேலையைக் குறுக்கினார். வரிகளுக்கு நடுவே மட்டும் தாராளமாக விட்டார். மேலே விசிறியும் கீழே சுழியும் நீளும் எழுத்து நம்முடையது. ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளியில் 'மூ'வின் அடியும் 'தீ'யின் தலையும் முட்டிக்கொள்ளும். இன்னொரு தொல்லையும் உண்டு. வாட்ஸப்பில் வருவது யூனிகோட்; அச்சகத்தின் பழைய ஃபைல்கள் வேறு எழுத்துருக்களில் கிடக்கின்றன. மாற்றும்போது 'ஸ்ரீ' உடைந்துபோகும், கண்ணால்தான் தேடிப் பிடிக்க வேண்டும். எல்லாம் சரிபார்த்த பிறகே கர்வ்ஸ் ஆக்குவார்கள். ஆக்கிவிட்டால் எழுத்து வெறும் கோடு. ஒரு இனிஷியலை மாற்றக்கூடத் திரும்ப முதல் ஃபைலுக்குத்தான் ஓட வேண்டும். இதனாலேயே பழகியவர்கள் எப்போதும் இரண்டு ஃபைல் வைத்துக்கொள்கிறார்கள்.

இத்தனை உறவுகளையும் வரிசை கெடாமல், படிக்கும்படி ஒரே அட்டையில் அமர்த்துவதை விடக் கடினமான டைப்போகிராஃபிப் பயிற்சி இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. விஸ்காம் துறைகள் இதைத் தேர்விலேயே கேட்க வேண்டும். இல்லாத காபிக் கடைக்கு லோகோ வரைவதில் மறுத்துப் பேச ஆளில்லை. இங்கே தாய்மாமன் இருக்கிறார்.

சம்பளம் குறைவு. அதைவிட எனக்கு உறுத்தியது கரெக்‌ஷன்கள். பார்ட்டி எத்தனை முறை மாற்றச் சொன்னாலும் அந்த உழைப்புக்குத் தனிக் காசு கிடையாது. இரவு பதினொரு மணிக்கு “கலரைக் கொஞ்சம் தூக்கலா” என்று போன் வந்தால் அதையும் செய்தாக வேண்டும். இத்தனை மாற்றங்கள் வரை இலவசம், அதற்கு மேல் கட்டணம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். தனியாக வேலை எடுக்கப்போகும் பட்டதாரிகள் இதை முதல் ஜாப்பிலேயே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

அப்புறம் அந்தக் கையெழுத்து. அன்று படத்தின் மூலையில் இருந்த பெயர் இன்று அங்கே இல்லை. ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் டிசைனர்கள் பெயரை ஒரு வரியில் போடலாமே என்று முதலாளியிடம் கேட்டேன். “போட்டா அடுத்த பிரஸ்காரன் கூப்பிட்டுக்கிட்டுப் போயிருவான் சார்” என்றார். ஆளைப் பிடித்துவைக்கப் பெயரை மறைப்பது நியாயமில்லை என்று அவரிடமே சொன்னேன். யோசிக்கிறேன் என்றார்.

பெயர் வராது என்று தெரிந்ததால் அந்தப் பெண் வேஸ்ட் தாள்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறாள். பேக்கேஜிங் கம்பெனிகளுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் அவளுக்கு இருக்கிறது. போர்ட்ஃபோலியோவில் காபிக் கடை லோகோவை எடுத்துவிட்டு, ரோஸ் ஓரம் அடித்த முகவரித் தாளையும் திருத்தி அடித்த தாளையும் பக்கம் பக்கமாக வைத்திருக்கிறாள். கீழே எந்த பிளேட்டில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு.