பெக் மெஷரும் மதுவிலக்கும்: சில குறிப்புகள்

*

சுனாபட்டியில் ஹார்பர் லைன் பிடித்து சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு. ஜே.ஜே. ஆஸ்பத்திரியைத் தாண்டி நடந்தால் சோர் பஜார், அதற்குள் மட்டன் ஸ்ட்ரீட். வெள்ளிச் சாமான் தேடுகிறவர்கள் வெள்ளிக்கிழமை போகக் கூடாது. பழம்பொருள் கடைகள் அடைத்திருக்கும். தெருவில் ஜும்மா சந்தைதான்.

*

மேலைநாட்டு மது மேசைக்கு வெள்ளி புது உருவம் எடுத்தது 1950, 60களில். கோபன்ஹேகனில் ஜார்ஜ் ஜென்சன் பட்டறைக்காக ஹென்னிங் கோப்பல் 1952-ல் வடித்த கூஜாவில் பூவேலை, கொடிவேலை ஒன்றும் கிடையாது. வளைவுதான் அழகு. அதே நேரத்தில் பம்பாயில் 1949-ம் வருட மதுவிலக்குச் சட்டம். 1950-ல் முழு அமல். பர்மிட் இருந்தால்தான் பாட்டில். மதராஸ் மாகாணம் 1948-லேயே மதுக்கடைகளை மூடிவிட்டது. மாதுங்கா, செம்பூர் தமிழருக்கு ஊரிலும் இல்லை, இங்கும் இல்லை. தாராவிப் பக்கம் கள்ளச்சாராயம் ஓடாமல் இல்லை. அதற்கு வெள்ளிக் கோப்பை யார் கேட்டார்கள்?

*

நேற்று மட்டன் ஸ்ட்ரீட்டில் கையில் எடுத்துப் பார்த்தது ஒரு பெக் மெஷர், மது அளக்கும் கிண்ணம். உடுக்கை மாதிரி இரண்டு பக்கமும் வாய். ஒன்றில் 30 மில்லி, மற்றதில் 60. இடுப்பு கறுத்திருந்தது. விளிம்பில், விரல் படும் இடத்தில் மட்டும் லேசான மஞ்சள். அடியில் இ.பி.என்.எஸ். என்ற நாலு எழுத்து. அதாவது நிக்கல், செம்பு, துத்தநாகக் கலவைமேல் வெள்ளி மின்முலாம். கடைக்கார பாய் "அசல் சாந்தி" (அசல் வெள்ளி) என்றார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார்.

*

ஸ்டெர்லிங் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. மிச்சம் பெரும்பாலும் செம்பு. இங்கிலாந்துச் சாமானில் நடக்கும் சிங்கம் பார்க்க வேண்டும். நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். கூடவே ஓர் எழுத்து, அது வருடம். காந்தத்தை நம்பிப் பயனில்லை: வெள்ளியிலும் ஒட்டாது, முலாம் போட்ட இந்தக் கலவையிலும் ஒட்டாது.

*

பஜாரில் ஸ்டெர்லிங் ஏன் அபூர்வம்? தப்பு விலையின்மேல். 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலர் வரை ஏறியது. அமெரிக்காவில் ஹன்ட் சகோதரர்கள் வாங்கிக் குவித்த கதை. ஊர் ஊராக வீட்டு வெள்ளி உலைக்குப் போனது. முலாம் சாமானை உருக்கினால் கூலிகூடத் தேறாது. அதனால் அது பிழைத்தது. மட்டன் ஸ்ட்ரீட்டில் இன்றைக்கு மினுங்குவதில் பெரும்பாலானவை உருக்க லாயக்கில்லாதவை.

*

அதே 1980-ல் இந்தூர் மாணிக் பாக் அரண்மனைச் சாமான்கள் மொனாக்கோவில் சோதபிஸ் ஏலத்துக்கு வந்தன. 1930களில் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கர் ஆசைப்பட்டுக் கட்டிய நவீன அரண்மனை அது. வெள்ளிக்கு பாரிஸ் கைவினைஞர் ழான் பியூஃபோர்கா. அந்த அரண்மனைச் சாமானுக்கு விலை பெயரிலும் உருவத்திலும் இருந்தது. தராசு தேவைப்படவில்லை.

*

நம் வீடுகளில் வெள்ளி என்றால் பஞ்சபாத்திரம், சந்தனக் கிண்ணம், குழந்தைக்குப் பாலாடை. துலக்க விபூதி. முலாம் சாமானுக்கும் விபூதி போதும், ஆனால் அழுத்தக் கூடாது. ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் முலாம் போகும். பற்பசை வேண்டவே வேண்டாம். வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். மாகுல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் துணியில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம். ரப்பர் பேண்ட் போடக் கூடாது. அதிலும் கந்தகம் உண்டு.

*

எப்போதாவது சிங்க முத்திரை கண்ணில் பட்டால் கிராம் பேச்சை நாமாக எடுக்கக் கூடாது. எடுத்தால் பாய் தராசை எடுப்பார். பேரம் படியாவிட்டால் சாமான் உருக்க ஜவேரி பஜாருக்குப் போகும். அங்கே யாரும் அதைத் திருப்பிப் பார்த்து வருடம் படிக்கப் போவதில்லை.