புதுக் கணிப்பொறி வாங்குமுன்

வீட்டிலுள்ள ஒரு பொருள் உண்மையிலேயே பழுதாகிவிட்டதா, அல்லது புதியதொன்றைக் கண்டபின் நம் கண்ணுக்குப் பழையதாகத் தோன்றுகிறதா என்று பிரித்தறிவது எளிதன்று. மிதிவண்டிக்கும் தையல் இயந்திரத்துக்கும் இது பொருந்தும். கணிப்பொறிக்கோ இன்னும் பொருந்தும். அதன் மூளையாகிய புராசசரை ‘ஏழாம் தலைமுறை’, ‘எட்டாம் தலைமுறை’ என்று எண்ணிட்டே விற்கிறார்கள். எண் ஒன்று கூடியதும், நம்முடையது தாத்தா காலத்துப் பொருளாகிவிட்டதென்ற ஏக்கம் பிறந்துவிடுகிறது.

எங்கள் வையம்பட்டிப் பக்கத்து முதியோர், மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் புறப்படுமுன் வீட்டிலேயே ஒன்றைப் பேசி முடித்துவிடுவார்கள்: இருக்கிற மாடு எந்த வேலையில் சளைத்தது? உழவிலா, பாரம் இழுப்பதிலா? அல்லது மாடு நன்றாயிருக்க, வண்டி அச்சுதான் தேய்ந்துபோயிற்றா? இதற்கு விடை கண்ட பின்னரே மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதும் விலை பேசுவதும். கணிப்பொறி வாங்குவோருக்கும் இம்முறையே ஏற்றது என்பது என் அனுபவம்.

எங்கள் வீட்டுக் கணிப்பொறி 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாங்கியது. இன்டெல் நிறுவனத்தின் ஏழாம் தலைமுறை ஐ-3 புராசசர் கொண்டது. கல்லூரியில் வணிகவியல் பயிலும் என் மகள் டேலி கணக்குப் பழகுவது அதில்தான். வருமானச் சான்றுக்கும் கல்வி உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்க அக்கம்பக்கத்தார் நாடி வருவதும் அதனையே. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பொத்தானை அழுத்திவிட்டு அடுப்பில் தேநீர் வைத்து இறக்கி வந்தாலும் அது விழித்தெழாத நிலை ஏற்பட்டது. திருச்சிக் கடையொன்றில் விசாரித்தோம். புதியதற்கு நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் என்றார்கள். சீட்டுப் பணம் அந்த அளவுக்குக் கையில் இருந்தது உண்மையே. ஆயின், ஆழ்துளைக் கிணற்றின் மோட்டாரை மாற்றுவதற்கென்று சேர்த்த பணம் அது. வானம் பார்த்த பூமியில் மோட்டார் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்போது என் மகள், “அப்பா, தலைமுறை எண்ணை விடுங்கள். இது எங்கே திணறுகிறது என்று முதலில் பார்ப்போம்” என்றாள். விண்டோஸில் ‘டாஸ்க் மேனேஜர்’ என்றொரு பகுதி உண்டு. கணிப்பொறியின் எந்த உறுப்பு எவ்வளவு பாரம் சுமக்கிறது என்பதை அது நூற்றுக்கு இத்தனை என்று காட்டும். கணக்கேடு ஒன்றைத் திறந்துவிட்டுக் கவனித்தோம். புராசசர் இருபதைத் தாண்டவில்லை. ஹார்டு டிஸ்க்கோ நூறிலேயே நின்றது. நான்கு ஜி.பி. நினைவகமும் ஏறத்தாழ நிரம்பியிருந்தது.

இதன் பொருள் என்ன? பழைய வகை ஹார்டு டிஸ்க், நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு. வேண்டிய செய்தியைத் தேடி அதன் முள் நகர வேண்டும். தட்டும் சுழன்று வந்து சேர வேண்டும். ஒரு தேடலுக்கு ஏறத்தாழ விநாடியில் நூற்றில் ஒரு பங்கு செல்லும். நமக்கு அது கண்ணிமைக்கும் நேரங்கூட இல்லை. ஆனால் விநாடிக்கு முந்நூறு கோடிக்கு மேல் துடிக்கும் புராசசருக்கோ, அந்நேரத்தில் மூன்று கோடித் துடிப்புகள் வீணே கழிகின்றன. அச்சு தேய்ந்த வண்டியில் பூட்டப்பட்ட நல்ல மாட்டின் கதைதான். அசையும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, நினைவகத்தையும் எட்டு ஜி.பி. ஆக்கினோம். செலவு ஐந்தாயிரத்துக்குள் அடங்கிற்று. அதன்பின் அரை நிமிடத்தில் கணிப்பொறி ஆயத்தமாயிற்று.

இத்துடன் கேள்வி தீர்ந்துவிடவில்லை. வேகத்தைவிடப் பெரியதோர் எல்லைக்கோடு எட்டாம் தலைமுறையில் குறுக்கிட்டது. 2015ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. 2021இல் வந்த விண்டோஸ் 11-ஓ, இன்டெல் புராசசர்களில், ஒரு சிலவற்றைத் தவிர, எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை ஏற்பதில்லை. எங்களுடையது ஒரே ஒரு படியில் வெளியே நின்றது. திருத்தம் பெறாத கணிப்பொறி நாளைக்கே நின்றுவிடாது. அது தாழ்ப்பாளில்லாத கதவுள்ள வீட்டைப் போன்றது. அதில் வங்கிக் கணக்கைத் திறப்பதும், பிறருடைய ஆதார் எண்ணைப் பதிவதும் தகாது. நம்மை நம்பி வருகிறவர்களின் காரியமும் அதில் அடங்கியிருக்கிறதல்லவா?

எனவே, வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை என்று அந்நிறுவனம் அறிவித்த ஓராண்டு நீட்டிப்பில் பதிவு செய்துகொண்டோம். பணம் மோட்டாருக்குச் சென்றது. அந்த ஓராண்டுத் தவணைக்குள் புதியதற்காகத் திங்கள்தோறும் சிறு தொகை ஒதுக்குவதென்று தீர்மானித்தோம். வாங்குவதா இல்லையா என்ற கேள்வி, எப்போது வாங்குவது என்ற கேள்வியாக மாறியது. அவசரம் நீங்கியதே பெரும் ஆறுதல்.

இதே சோதனை மற்றொரு வீட்டில் நேர்மாறான விடை தந்தது. திருச்சியில் பொறியியல் பயிலும் என் தம்பி மகனின் கணிப்பொறியில் எஸ்.எஸ்.டி. முன்னரே இருந்தது. ஆயினும், இயந்திரங்களின் முப்பரிமாண வரைபடங்களைத் திறந்தால் புராசசர் நூறிலேயே நின்றது. “பெரியப்பா, ஒரு வரைபடத்துக்கு அரை மணி நேரம் காத்திருக்கிறேன்” என்றான். அவனுக்குப் புதியது வாங்குவதே முறை என்று தம்பியிடம் நானே சொன்னேன். அங்கே சளைத்தது மாடேதான்.

அப்படியானால் தலைமுறை எண் வெறும் வேடமா? அன்று. இன்டெல்லின் முதல் புராசசரான 4004, 1971இல் வெளிவந்தபோது 2,300 டிரான்சிஸ்டர்களையே கொண்டிருந்தது. இன்று பல நூறு கோடிகள். ஏழிலிருந்து எட்டாம் தலைமுறைக்கு வந்தபோது, மேசைக் கணிப்பொறியின் ஐ-3இல் கணிக்கும் உள்ளகங்கள் இரண்டிலிருந்து நான்காயின. அது மெய்யான வளர்ச்சி. ஆனால் 2023 அக்டோபரில் வந்த மேசைக் கணிப்பொறிக்கான பதினான்காம் தலைமுறை, பெரும்பாலும் பதின்மூன்றாவதையே சற்று வேகம் கூட்டி வெளியிட்டது. ஆகவே ஒவ்வோர் எண்ணும் ஒரே அளவான படியன்று.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழக அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தால் பல இலட்சம் மாணவர்களுக்கு மடிக்கணிப்பொறி கிடைத்தது. நம்மூர் வீடுகள் பலவற்றில் முதன்முதலாக நுழைந்த கணிப்பொறி அதுவே. 2017க்கு முன் பெற்றவை விண்டோஸ் 11-க்கு உகந்தவையல்ல என்பதால், அவற்றைப் பழைய இரும்புக்குப் போடுவானேன்? லினக்ஸ் வகை மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றுக்குத் திருத்தங்களும் வருகின்றன. நம் நாட்டின் சி-டாக் நிறுவனமே ‘பாஸ்’ லினக்ஸை உருவாக்கியுள்ளது. கடிதம் எழுதவும், பாடம் படிக்கவும், விண்ணப்பம் அனுப்பவும் அது போதும். டேலி போன்று விண்டோஸையே நம்பியிருக்கும் வேலைக்கு மட்டும் வேறு வழி தேட வேண்டும்.

வாசக அன்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்பேச்சு எழுமாயின் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். முதலாவது, அன்றாட வேலையில் திணறும் உறுப்பு எது? இரண்டாவது, பாதுகாப்புத் திருத்தங்கள் எந்நாள் வரை வரும்? மூன்றாவது, செப்பனிடும் செலவு புதியதன் விலையில் எத்தனை பங்கு? திணறுவது புராசசரே என்றாலும், திருத்தங்கள் நின்று மாற்று மென்பொருளும் உதவாது என்றாலும், தயங்காமல் வாங்குங்கள். பிள்ளையின் படிப்புக்கு அது தேவையான செலவு. இல்லையேல் அப்பணத்துக்கு வீட்டில் வேறு வேலை காத்திருக்கும். கணக்கிட்டுப் பார்த்து முடிவு செய்யும்போது பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். ஆசைக்கும் தேவைக்கும் இடையிலுள்ள தூரத்தை அவர்கள் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் வேறில்லை.