அப்பப்பாவின் பிழையான போல்ட்

யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் என்றால் எங்கட வயதுக்காரருக்கு இப்ப கலியாணப் படம்தான் ஞாபகம் வரும். மினுக்கின மொறிஸ் மைனர், பொனற்றில் பூமாலை, பக்கத்தில் சாய்ந்து நிற்கிற மாப்பிள்ளை. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் "எல்லாம் ஒரிஜினலோ?" என்று கேட்டுக்கொண்டு சுற்றிச்சுற்றிப் பார்ப்பார்கள். அந்த 'ஒரிஜினல்' என்ற சொல்லோடு நாங்கள் ஐந்து மாதம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. நாங்கள் மூன்று பேர், மூவரும் கலைப்பீடம். தேடியது ஒரு மைனரின் ஸ்டியரிங் தண்டைப் பிடித்துவைக்கிற போல்ட்டுகளை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற சாமான். ஆனால் அது பூட்டாமல் கார் கேற்றைத் தாண்டக்கூடாது என்று வீட்டில் கட்டளை.

கார் எங்களில் ஒருத்தியின் அப்பப்பாவுடையது. மொறிஸ் மைனர் 1000. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமாகி, 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட வண்டி. அப்பப்பாவுக்கு 82 வயது. கீரிமலைக்கு ஒருக்காவாவது தானே ஓடிப் போகவேணும் என்பது அவருடைய ஆசை. அந்தக் காரிலேயே ஓட்டப் பழகவேணும் என்பது பேத்தியின் ஆசை. இரண்டுக்கும் இடையில் நின்றது ஸ்டியரிங். வளையத்தைப் பிடித்துத் தூக்கினால் முழுத் தண்டும் ஒரு விரல் அளவுக்கு எழும்பியது.

தண்டை இரண்டு இடத்தில் பிடிக்கிறார்கள். கீழ்முனையில் அதை ரக்கின் பினியனோடு சேர்க்கும் கிளாம்ப். மேலே, டாஷ்போர்டுக்குக் கீழ், வெளிக்குழாயை அணைத்துப் பிடிக்கிற தகட்டுப் பிடி. கீழ்ப்பக்கம் உறுதியாக இருந்தது. மேல்பக்கம் ரோர்ச் அடித்துப் பார்த்தோம். ஒரு போல்ட் கறள் பிடித்த பழையது. மற்றது வேறு இனம். குழாயைச் சுற்றி சைக்கிள் ரியூப் வெட்டிச் சுற்றி, அதற்கு மேல் கம்பியால் கட்டு.

"அது மெஷின் போல்ட்" என்றார் அப்பப்பா, கேட்கமுதலே. "தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற மெஷினில கழட்டினது."

1990களின் தொடக்கம். பெற்றோல், பற்றரி, சீமெந்து எல்லாத்துக்கும் தடை. சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலம். உதிரிப்பாகம் என்று கேட்க ஆளும் இல்லை, கடையும் இல்லை. அதே 1990களில் இதே தீவின் தெற்கில் மொறிஸ் மைனருக்குப் புதுத் தகடுகள் செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார்கள் என்று பின்னர் வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி நடந்தபோது, இந்தக் கார் ஒன்பது பேரையும் இரண்டு அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, நடக்கிற சனத்தைவிட மெதுவாகக் கொடிகாமம் போய்ச் சேர்ந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது அந்த மெஷின் போல்ட்.

அப்ப அது ஏன் இப்ப பிழை? இதை விளங்கிக்கொள்ளவே எங்களுக்கு ஒரு மாதம் எடுத்தது. மெஷின் போல்ட் 8 மில்லிமீற்றர். காருக்குரியது 5/16 இஞ்சி, அதாவது 7.94 மில்லிமீற்றர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தலையும் அப்படித்தான்: ஒன்று 13 மில்லிமீற்றர், மற்றது அரை இஞ்சி, 12.7. 13ஆம் நம்பர் ஸ்பனர் இரண்டையும் திருப்பிவிடும். வித்தியாசம் மரையில். 8 மில்லிமீற்றர் போல்டில் ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் 1.25 மில்லிமீற்றர் இடைவெளி. 5/16 யூ.என்.எஃப். போல்டில் ஒரு இஞ்சிக்கு 24 மரை, இடைவெளி ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுமேல். பிழையானதைப் போட்டால் முதல் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். "நல்லா இறுகுது" என்று கை சொல்லும். உண்மையில் அது நட்டின் மரையைத் தின்றுகொண்டிருக்கிறது.

யூ.என்.எஃப். என்ற அளவும் யுத்தத்தின் பிள்ளைதான். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவின் போல்ட் அமெரிக்க இயந்திரத்துக்குப் பூட்டாது. பிரித்தானிய மரையின் கோணம் 55 பாகை, அமெரிக்க மரையின் கோணம் 60. பட்டுத் தெளிந்து, 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா மூன்றும் ஒரே மரைக்கு உடன்பட்டன. ஒரு யுத்தம் மரையை ஒன்றாக்கியது. எங்கட யுத்தம் கைக்குக் கிடைத்ததைப் பூட்டவைத்தது.

தேடல் ஸ்ரான்லி வீதியில் தொடங்கியது. "5/16 யூ.என்.எஃப்., ஒன்றேகால் இஞ்சி நீளம்" என்று கேட்டால், எங்களில் இருந்த ஒரே ஆண்பிள்ளையைப் பார்த்துத்தான் பதில் வரும். அவனுக்கு அப்போது ஸ்பனர் பிடிக்கவே தெரியாது. அளவுகளைக் கொப்பியில் எழுதிவைத்திருந்தது பேத்தி. "8 மில்லி இருக்கு, அது காணும் தம்பி" என்பார்கள். காணாது ஐயா என்று அவள் சொல்லத் தொடங்குவாள்.

பழைய இரும்புக் கடையில் இரண்டு கிடைத்தன. மரை சரி, ஆனால் கழுத்தில் கறள் அரித்து மெலிந்திருந்தது. லேத் கடைக்குப் போனோம். கம்பியில் கடைந்து தரலாமா என்று கேட்டதும் அந்த அண்ணை மெஷினை நிப்பாட்டிவிட்டு, "என்னத்துக்கு?" என்றார். ஸ்டியரிங்குக்கு என்றோம். "கேற்றுக்கெண்டால் வெட்டித் தருவன். இதுக்கு மாட்டன். இந்தக் கம்பி எவ்வளவு தாங்கும் எண்டு எனக்கே தெரியாது." காசு வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரை அன்றுதான் கண்டோம்.

கடைசியில் கொழும்பு, பஞ்சிகாவத்தை. ஒரு சின்னக் கடையில் சுவர் முழுக்கச் சிறு லாச்சிகள். நாங்கள் கொண்டுபோன பழைய போல்டைக் கடைக்காரர் மரையளக்கும் சீப்பில் வைத்துப் பார்த்து, ஒரு லாச்சியை இழுத்து, தலையில் மூன்று கோடு போட்ட போல்ட் நாலு எடுத்துவைத்தார். அந்த மூன்று கோடுதான் கிரேட் 5, அதாவது உரம் சோதிக்கப்பட்ட இரும்பு என்ற அடையாளம். நட்டும் வாசரும் சேர்த்து, எங்கட பஸ் காசைவிடக் குறைவு.

பிரச்சினை அதோடு முடியவில்லை. எங்களில் வரலாறு படிப்பவள் கராஜில் வைத்து மறித்தாள். "1995ஐக் கடந்து வந்த போல்ட் இது. இதைக் கழட்டி எறிஞ்சு, 1960இல இங்கிலாந்தில பூட்டினமாதிரி ஆக்கினால், இந்தக் காருக்கு இங்க நடந்தது எல்லாம் அழிஞ்சிடும். ஆற்ற ஒரிஜினல் அது?" எங்களிடம் பதில் இருக்கவில்லை. கராஜ் ஐயாதான் சொன்னார்: "பிள்ளை, ஞாபகத்தை அலுமாரியில வை. ஸ்டியரிங்கில வைக்காத." தின்னப்பட்ட நட்டை வெட்டி எடுத்து, புது நட்டை வெல்ட் பண்ணி, போல்டைக் கையாலேயே கடைசிவரை சுழற்றிக் காட்டினார். சரியான மரை என்றால் ஸ்பனர் கடைசியில்தான் தேவை.

இரண்டு பேர் சொன்னதும் சரி என்றுதான் இப்போது நினைக்கிறோம். 'சரியான' பாகம் என்பதற்கு இரண்டு கணக்கு உண்டு. ஒன்று, எங்கிருந்து வந்தது. மற்றது, தாங்குமா. உயிர் தொங்குகிற இடத்தில் இரண்டாவது கணக்கு மட்டும்தான். மற்ற இடங்களில் இந்தக் கார் இருந்தபடியே இருக்கட்டும். பின் சீற்று மர வாங்கில் இருந்து வெட்டியது. இடப்பக்கக் கதவின் கைபிடி வேறேதோ காருடையது. தகரம் அடித்த மட்கார்ட்டில் சுத்தியல் பட்ட அடையாளம் எண்ணலாம். அதற்கெல்லாம் நாங்கள் பஞ்சிகாவத்தை போகப்போவதில்லை.

மெஷின் போல்ட் வரலாற்றுக்காரியிடம் இருக்கிறது, ஒரு துண்டுக் கடதாசியில் திகதிகளோடு. அப்பப்பா கீரிமலைக்கு ஓடிப் போய்வந்தார், பேத்தி பக்கத்தில். வந்து இறங்கினதும், ஸ்டியரிங் நல்லாயிருக்கு, பிரேக் மிதி கொஞ்சம் ஆழமாப் போகுது என்றார். கொப்பியில் அடுத்த பக்கம் திறந்தாயிற்று.