செக்ரோலும் காந்த வளையமும்

சென்ற மாதம் ஈப்போவில் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவர் தமது பழைய பெட்டியினின்றும் உள்ளங்கையகலச் சட்டமொன்றை எடுத்து நம்மிடம் அளித்தார். சட்டத்தினுள் மெல்லிய செப்புக் கம்பிகள் பாவும் ஊடையும்போல் ஓடின. கம்பிகள் கூடும் சந்திதோறும் கேழ்வரகு மணியளவான கரிய வளையமொன்று கோக்கப்பட்டிருந்தது. பெண்பிள்ளைகளின் பாசிமணி வேலையென்றே முதலில் எண்ணினோம். “இதுவே பழங்கணினியின் நினைவகம்” என்றார் நண்பர்.

நேயர்களே! இவ்வளையம் இரும்புத் துருவோடு வேறு சில உலோகத் துருக்களைச் சேர்த்துச் சுட்டெடுத்ததாகும். மின்சாரம் ஒரு திசையிற் பாய்ந்தால் அது வலமாகக் காந்தமேறும். மறுதிசையிற் பாய்ந்தால் இடமாக ஏறும். ஒன்றை 1 என்றும் மற்றதை 0 என்றும் கொள்வர். ஒரு கம்பியில் வரும் மின்சாரம் வளையத்தைத் திருப்பப் போதாது. நெடுக்குக் கம்பியும் குறுக்குக் கம்பியும் சேர்ந்து பாயுமிடத்தேதான் வளையம் திரும்பும். மின்சாரம் நின்றாலும் காந்தம் நிற்கும். 1953-இல் அமெரிக்காவின் ‘வேர்ல்விண்ட்’ கணினியில் இது வேலைக்கு வந்தது. பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் தாமே கட்டி 1960-இல் இயக்கிய ‘டிஃப்ராக்’ கணினியில், சொல்லொன்றுக்கு 40 வளையமாக 2,048 சொற்கள் இருந்தன. பெருக்கிப் பார்த்தால் 81,920 வளையங்கள். அதனை ஆக்கிய குழுவின் தலைவர் சென்னையிற் பிறந்த இர. நரசிம்மன். நம் நாட்டுக்கு முதற்கணினி 1966-இல் தேசிய மின்சார வாரியத்திற்கு வந்த ஐ.பி.எம். 1401. அதன் நினைவகமும் இவ்வளையங்களே. (ஈப்போவுக்கு அக்காலம் மின்சாரம் தந்தவை தனிக் கம்பெனிகள், நம்மூர் விளக்குக் கணக்கு அதிலேறியிராது.)

சட்டத்தைக் கையில் வைத்திருந்தபோது நமக்கு நினைவு வந்தது தோட்டத்துச் செக்ரோல். விடியுமுன் பெரட்டுக்களத்தில் கிராணியார் பெயர் கூப்பிடுவார். வந்தவருக்குக் கட்டத்தில் ஒரு கோடு, வராதவருக்கு வெற்றிடம். ஆளின் களைப்பும் காய்ச்சலும் கட்டத்தில் ஏறுவதில்லை. பேர் விழுந்ததா இல்லையா என்பதொன்றே ஏறும். நமது அன்னையார் சுங்கை சிப்புட்டுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றில் சிறுமியாயிருந்த நாள்முதல் பால்மரம் சீவியவர். பின்னாளிற் குடியுரிமை கேட்டபோது, இத்தனை ஆண்டு இந்நாட்டிலிருந்ததற்குச் சான்றென்ன என்று வினவினர். சான்று செக்ரோலன்றோ? தோட்டமோ துண்டு துண்டாக விற்கப்பட்டுவிட்டது. ஏடுகள் கறையானுக்கு இரையாயின. பேர் போட்ட கிராணியாரும் காலஞ்சென்றார். அன்னையார் சிவப்புக் கார்டோடேயே மறைந்தார்.

வளையத்தில் வியப்பான குணம் ஒன்றுண்டு. அதிலுள்ளதை அறியவேண்டுமாயின், அதனை 0-வாகத் திருப்பிப் பார்க்கவேண்டும். திரும்பினால், மூன்றாவது கம்பியொன்றில் சிறு துடிப்பு எழும். முன்னிருந்தது 1 எனத் தெரியும். ஆனால் தெரிந்த கணமே அந்த 1 அழிந்துபோம். ஆதலின் பொறி உடனே அதனைத் திரும்ப எழுதிவிடும். 1401-இல் இவ்வாறு படித்து, அழித்து, எழுதும் ஒரு சுற்று ஒரு நொடியில் ஏறக்குறைய 87,000 முறை நிகழ்ந்தது. இதை நண்பர் விளக்கக் கேட்டபோது நாம் நாணினோம். அன்னையாரிடம் நாம் பலமுறை கேட்டதுண்டு. ஜப்பான்காரன் காலத்து மரவள்ளிக் கஞ்சியை, 1948-இல் அவசரகாலம் பிறந்தபோது இராணுவ லாரி வந்த இரவை, அவர் சொல்லச் சொல்லக் கேட்டோம், உண்டு உறங்கினோம். ஒருமுறையேனும் எழுதினோமில்லை.

இவ்வளையங்களை ஊசிகொண்டு கோத்தவர் பெரும்பாலும் பெண்களே என்று நண்பர் சொன்னார். நம் தமக்கையாரைக் காட்ட எண்ணிச் சட்டத்தை இரவல் பெற்றோம். 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாசில் சுங்கத் தடையற்ற வட்டாரம் எழுந்தபின், தோட்டத்தைவிட்டு அங்கு ஒரு தொழிற்சாலைக்குப் போன பெண்களில் அவரும் ஒருவர். வளையத்தை ஒழித்த சிலிக்கன் சில்லுகளுக்கு, உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் தலைமயிரினும் மெல்லிய தங்கக் கம்பியைப் பற்றவைப்பது அவர் வேலை. சட்டத்தைச் சன்னலோரம் சாய்த்துப் பார்த்து, “தம்பி, இது மெசின் கோத்ததில்லை. இந்த மூலையிலே அவளுக்குக் கை நடுங்கியிருக்கு” என்றார்.

பின்னர், அன்னையாருக்கு முதன்முதல் பேர் விழுந்தது எந்த ஆண்டென்று கேட்டோம். அவர் சொன்ன ஆண்டும் நாம் எண்ணியிருந்த ஆண்டும் ஒத்துவரவில்லை. இரண்டையும் அன்றிரவே எழுதிவைத்தோம்.